ஆறு பிரிண்டர், பத்து கார்டு, ஓர் இலக்கம்

பினாங்கு ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு வக்கீல் அலுவலகம் இடம் மாறியது. அங்கே கிளார்க் வேலை பார்க்கும் அக்கா போன் போட்டார். "தம்பி, ஆறு பழைய லேசர் பிரிண்டர் கிடக்கு. சாயங்காலம் சுராட் கபார் லாமா, அந்தப் பழைய பேப்பர் லாரி வந்தா தூக்கிக் குடுத்துருவாங்க. உனக்கு வேணும்னா இப்பவே வா." போனேன். மேல்மாடி, செங்குத்தான மரப்படி, பெரும்பாலானவை ஏறக்குறைய 17 கிலோ. மூன்றாவதை இறக்கும்போதே இது தேவையா என்று தோன்றியது. ஆனாலும் ஆறையும் வேனில் ஏற்றிவிட்டேன், காரணம் பிறை என்ற ஊரில் இருக்கும் ஒரு தம்பி.

அந்தத் தம்பி தமிழ் ராப் போடுகிறவன், உறுமி மேளக் குழுக்களுக்கும் ரெக்கார்டிங் செய்து கொடுப்பான். அவனிடம் பழைய அகாய் எம்பிசி2000எக்ஸ்எல் சாம்ப்ளர் (ஒலியைப் பதிந்து வைத்துத் தட்டி வாசிக்கும் மெஷின்) ஒன்று இருக்கிறது. உள்ளே 2 எம்பி ரேம், அதாவது தற்காலிக நினைவகம், அவ்வளவுதான். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு வினாடி மோனோ ஒலிக்கு 88,200 பைட் போகும், ஆக 2 எம்பிக்கு 24 வினாடிகூட வராது. ஸ்டீரியோ என்றால் அதிலும் பாதி. ஒரு உறுமியின் இழுப்பைப் பதிவு செய்து முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். அந்த மெஷின் 72 பின் சிம் ரேம் ஏற்கும், 32 எம்பி வரை போகலாம். (சிம் என்றதும் போன் சிம்மை நினைக்க வேண்டாம், இது ஒரு விரல் நீளப் பச்சை பலகை.) 1990களின் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் இதே 72 பின் சிம்தான் ரேமாக இருந்தது. கம்ப்யூட்டர் சிம்மெல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது, பிரிண்டருக்குள் இருந்ததை யாரும் திறந்தே பார்க்கவில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

பிரிண்டருக்கு ஏன் இவ்வளவு ரேம் என்று கேட்கிறவர்களுக்குச் சின்னக் கணக்கு. ஏ4 தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) புள்ளி புள்ளியாகப் பிரித்தால் 4,960 பெருக்கல் 7,016, சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட் வைத்தாலே, எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்கில், 43.5 லட்சம் பைட். லேசர் உருளை சுற்ற ஆரம்பித்தபின் நடுவில் நிற்க முடியாது, அதனால் பக்கம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். 1992இல் வந்த எச்பி லேசர்ஜெட் 4 வெறும் 2 எம்பியோடுதான் விற்பனைக்கு வந்தது, சுருக்கி வைக்கும் தந்திரத்தால் சமாளித்தது. படம் நிறைய உள்ள பக்கம் வந்தால் "20 மெம் ஓவர்ஃப்ளோ" (நினைவகம் நிரம்பிவிட்டது) என்று திரையில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எனவே அலுவலகங்கள் கூடுதல் ரேம் வாங்கிப் போட்டன. அந்தக் கூடுதல்தான் இப்போது நமக்குக் கிடைக்கிற சரக்கு.

அக்கா விடும் முன் ஒன்று கேட்டார். "இதுக்குள்ள எங்க கிளையண்ட் பத்திரமெல்லாம் இருக்குமா, தம்பி? பாஸ் கேட்டா நான் என்ன சொல்றது?" நியாயமான கேள்வி. இந்த வகை ரேமில் உள்ளதைச் சில பத்து மில்லி செகண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், கரண்ட் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அழிந்துவிடும். மாதக்கணக்கில் பிளக் பிடுங்கிக் கிடந்த பிரிண்டரின் ரேமில் எதுவும் மிஞ்சாது. ஹார்ட் டிஸ்க் இருந்தால் கதையே வேறு. பின்னால் வந்த மாடல்களில் டிஸ்க் பொருத்த இடம் உண்டு. ஆறில் அப்படிப்பட்டவை இரண்டு, அவர் கண் முன்னேயே இரண்டிலும் அந்த இடத்தைத் திறந்து காட்டினேன், காலி. அதற்குப் பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

ஆறில் ஒன்று லேசர்ஜெட் 3, இரண்டு 4 பிளஸ், ஒரு 5, ஒரு 4000, ஒரு 4050. பட்டறைக்கு வந்ததும் ஆர்வக்கோளாறில் முதல் 4 பிளஸைத் திறந்து கார்டைப் பிடுங்கிவிட்டேன். அது தப்பு. பிடுங்கும் முன் பிரிண்டரை ஓடவிட்டு, மெனுவில் செல்ஃப் டெஸ்ட் பக்கம் ஒன்றை அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மொத்த ரேம் எவ்வளவு, போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை எப்படி வரைவது என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழி) உண்டா இல்லையா என்று அதிலேயே வந்துவிடும். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும். மற்ற ஐந்துக்கும் ஒழுங்காக அடித்தேன். இரண்டாவது 4 பிளஸ் 22 எம்பி என்று காட்டியது. பிறவியிலேயே உள்ள 2 போக, கார்டில் 20 இருக்க வேண்டும்.

டோனர் பற்றி ஒரு வரி: கொட்டினால் வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நுண்ணிய தூள் வடிகட்டியைத் தாண்டிப் பறக்கும். கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், சுடுதண்ணீரில் கழுவினால் தூள் இளகி ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கழற்றி மேசையில் பரப்பியபோது பத்துப் பலகை. 72 பின் ஆறு, 100 பின் மூன்று, லேசர்ஜெட் 3இலிருந்து வந்த பெரிய கார்டு ஒன்று. கடைசியாகச் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடலாம். அது எச்பியின் சொந்த வடிவம், அந்தத் தலைமுறைப் பிரிண்டரைத் தவிர வேறு எதிலும் செருக முடியாது. சிப்பைச் சூடு காட்டிப் பிரித்தெடுக்கலாம்தான், ஆனால் பிரிண்டர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது, அதைப் பிரிக்க மனம் வரவில்லை. கார்டை அதற்குள்ளேயே திரும்பப் போட்டு மூடிவிட்டேன்.

4 பிளஸ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அதன் மூளை இன்டெல் 960 சிப், மேலே "மலாய்", அதாவது மலேசியா, என்று ஊர் முத்திரை. இன்டெல் 1972இல் இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஆலை போட்டது. எங்கள் தெருவிலேயே அங்கே ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தைமார் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் கை பட்ட சிப்பாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, வேலைக்கு வருவோம்.

72 பின் பலகையை அடையாளம் காண ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஸ்டிக்கர் உரிந்திருக்கும், இல்லையென்றால் விற்றவன் ஒட்டிய பார்ட் நம்பர் மட்டும் இருக்கும், அந்த விற்பனையாளரே இன்று இருக்கமாட்டார். சிப்பின் மேல் அச்சடித்த எண்தான் பேசும். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள், போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். என்னிடம் இருந்த ஒரு கார்டில் எட்டு சிப், எல்லாவற்றிலும் 514400, கடைசியில் கோடு போட்டு 7. இதில் 4400 என்ற முடிவுக்கு அர்த்தம், ஒரு சிப்பில் 10 லட்சத்துச் சொச்சம் இடம், ஒவ்வோர் இடத்திலும் 4 பிட், ஆக 4 மெகாபிட். எட்டு சிப் சேர்ந்தால் 32 மெகாபிட், அதாவது 4 எம்பி. சிப்புக்கு 4 பிட் வீதம் எட்டு சேர்ந்து 32 பிட் அகலம் (ஒரே நேரத்தில் போய்வரும் பிட்கள்), 72 பின் சிம்முக்கு அதுதான் வேண்டும். அதே சிப் பதினாறு, இரண்டு பக்கமும் இருந்தால் 8 எம்பி. ஒன்பது சிப் இருந்தால் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) வைத்த 36 பிட் கார்டு, அது வேறு சாதி. கோட்டுக்குப் பின் உள்ளது வேகம், 7 என்றால் 70 நானோ செகண்ட், 6 என்றால் 60.

அடுத்தது எஃப்பிஎம்மா இடிஓவா. இரண்டும் ரேம் ரகங்கள், எஃப்பிஎம் பழையது, இடிஓ அதற்குப் பின் வந்தது. அதுவும் எண்ணிலேயே இருக்கிறது. ஹிட்டாச்சியிலும் தோஷிபாவிலும் 17400 என்று முடிந்தால் எஃப்பிஎம், 17405 என்று முடிந்தால் இடிஓ. சாம்சங்கில் கேஎம்44சி4100 எஃப்பிஎம், கேஎம்44சி4104 இடிஓ. நடுவில் உள்ள சி எழுத்து 5 வோல்ட், அந்த இடத்தில் வி இருந்தால் 3.3 வோல்ட். அந்தக் காலப் பிரிண்டருக்கும் சாம்ப்ளருக்கும் 5 வோல்ட் எஃப்பிஎம்தான் பாதுகாப்பான தேர்வு. என் கையில் இருந்த 72 பின் ரேம் எல்லாமே அந்த ரகம்.

எல்லாமே என்று சொன்னேன், அந்த முதல் 4 பிளஸிலிருந்து வந்த இரண்டாவது பலகையைத் தவிர. அதுவும் 72 பின், அதே நீளம், அதே வெட்டு. ஆனால் சிப் எண்ணிக்கை வேறு, எண்ணும் எச்பியின் உள் எண், முடிவில் 6ம் இல்லை 7ம் இல்லை. ஏதோ எச்பி தனக்கென்று அச்சடித்த ரேம் என்று நினைத்து, சோதனைக்கு வைத்திருக்கும் பழைய 486 கம்ப்யூட்டர் போர்டில் செருகினேன். பீப் பீப் பீப். தொடர்பு முனைகளை ரப்பரால் தேய்த்தேன், வேறு ஸ்லாட்டில் போட்டேன், ராத்திரி பதினொன்று வரை மல்லுக்கட்டினேன். மறுநாள்தான் உறைத்தது, அது ரேமே இல்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி எழுதிய ரோம், அதாவது எழுதி அழிக்க முடியாத நிரந்தர நினைவகம். லேசர்ஜெட் 4 காலத்தில் போஸ்ட்ஸ்கிரிப்ட்டை இப்படிச் செருகு கார்டாகவே விற்றார்கள், ரேம் ஸ்லாட்டுக்கு ஏற்ற அதே உடம்பில். செல்ஃப் டெஸ்ட் தாள் அடித்திருந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். நல்ல வேளை எதுவும் எரியவில்லை, கார்டும் போர்டும் பிழைத்தன. ஆனால் சாம்ப்ளரில் இந்த விளையாட்டை ஆடியிருந்தால் தம்பி முகத்தில் எப்படி விழிப்பது?

100 பின் பலகைகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 4000, 4050இல் வந்தவை இவை, 1990களின் கடைசியில் தொடங்கிப் பல பிராண்டுப் பிரிண்டர்களில் வந்த வடிவம். இதுவும் 32 பிட் அகலம்தான், ஆனால் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இந்த ஸ்லாட் கிடையாது. சிஸ்கோ 2600 வரிசை ரவுட்டரில் 100 பின் ஸ்லாட் உண்டு, நான் முயன்று பார்க்கவில்லை. இரண்டில் கே4எஸ்641632 என்ற சாம்சங் சிப் இரண்டிரண்டு. 64 மெகாபிட் எஸ்டிரேம், ஒன்று 8 எம்பி, ஆக ஒரு கார்டு 16 எம்பி. மூன்றாவது பொடிசானது, எழுத்துரு வைத்த ஃபிளாஷ். இரண்டு ரேமையும் பட்டர்வொர்த்தில் இன்னும் 4050 ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு அச்சகக்காரருக்குக் கொடுத்தேன், பதிலுக்கு ஒரு ரீம் தாள் தந்தார். பிரிண்டர் ரேமுக்குச் சிறந்த வீடு இன்னொரு பிரிண்டர்தான், 100 பின் விஷயத்தில் இதில் சந்தேகமே இல்லை.

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடம். 72 பின்னில் இரண்டு பலகை எனக்கு ஆசை காட்டின. ஒன்று இரண்டாவது 4 பிளஸிலிருந்து, எட்டு சாம்சங் கேஎம்44சி4100. இன்னொன்று லேசர்ஜெட் 5இலிருந்து, எட்டு ஹிட்டாச்சி எச்எம்5116400. இரண்டுமே சிப்புக்கு 16 மெகாபிட், எட்டால் பெருக்கினால் 16 எம்பி. 16ம் 16ம் 32. வேலை முடிந்தது என்று தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கட்டை விரல் அனுப்பிவிட்டேன்.

486இல் ஒவ்வொன்றாகப் போட்டேன். சாம்சங் 16 எம்பி காட்டியது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. ஹிட்டாச்சியைப் போட்டால் 8 எம்பி. கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன், 8 எம்பி. முனைகளில் கறுப்புப் படிந்திருந்தது (நம்ம ஊர்க் கடல் காற்றுக்கு ஈயம் பூசிய முனை தாங்காது, தங்கம் பூசியதை ஈய ஸ்லாட்டில் வருடக்கணக்கில் விட்டால் இன்னும் மோசம்), ஐபிஏ (துடைக்கும் ஆல்கஹால்) போட்டுத் துடைத்தேன். அப்புறமும் 8 எம்பிதான். பாதி சிப் செத்துவிட்டது என்று முடிவு கட்டியிருப்பேன். ஆனால் லேசர்ஜெட் 5 அடித்த செல்ஃப் டெஸ்ட் தாள் மேசையில் கிடந்தது, அதில் இந்த 16ம் முழுசாகக் கணக்கில் வந்திருந்தது. பிரிண்டருக்கு நல்லதாக இருந்த கார்டு 486க்கு மட்டும் எப்படிப் பாதியாகும்?

விடை அந்த எண்ணில் ஓர் இலக்கத்தில் இருந்தது. 5116400, 5117400. ஆறுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டுமே ஒரே அளவு, ஒரே 4 பிட். ஆனால் சிப்புக்குள் நினைவுக் கட்டங்களை வரிசையும் பத்தியுமாக அடுக்கியிருக்கிறார்கள். 17400இல் 2,048 வரிசை, 2,048 பத்தி. 16400இல் 4,096 வரிசை, 1,024 பத்தி. பெருக்கினால் இரண்டும் ஒன்றே. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் முதலாவதை 2கே ரெஃப்ரெஷ், இரண்டாவதை 4கே ரெஃப்ரெஷ் என்பார்கள். சாம்சங்கில் 44சி4100 என்றால் 2கே, 44சி4000 என்றால் 4கே.

முகவரிக் கம்பிகள் வரிசைக்கும் பத்திக்கும் பொதுவானவை, முதலில் வரிசை எண் போகும், அடுத்து அதே கம்பியில் பத்தி எண். 2,048 வரிசைக்கு 11 கம்பி போதும். 4,096க்கு 12 வேண்டும். அந்தப் பன்னிரண்டாவது கம்பி 72 பின் சிம்மின் 29ஆம் பின்னில் வருகிறது, பழைய போர்டுகள் பலவற்றில் அந்தப் பின் எங்கேயும் போகாமல் சும்மா நிற்கும். என் 486 அப்படிப்பட்டது. அது எட்டக்கூடியது 2,048 வரிசை, 1,024 பத்தி, அதாவது சரி பாதி. ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் லிஃப்ட் பாதி மாடியோடு நின்றுபோனால் மேலே இருக்கும் வீடுகள் இடிந்துவிட்டன என்று அர்த்தமா? வீடு இருக்கிறது, போக வழியில்லை. கார்டு நல்ல கார்டு.

பென்டியம் போர்டில் சோதிக்கலாம் என்று தோன்றியது. ஆனால் பென்டியத்தின் தரவு அகலம் 64 பிட், 72 பின் சிம்மை ஒரே மாதிரியான ஜோடியாகத்தான் போட வேண்டும். என்னிடம் ஜோடி இல்லை. தம்பியின் சாம்ப்ளரில் நேரடியாகப் போட்டுப் பார்க்கலாமே என்றும் ஒரு யோசனை. வேண்டாம். அது அவன் சோறு போடும் மெஷின், தெரியாத ஒன்றுக்கு அதைச் சோதனை எலியாக்க எனக்கு உரிமையில்லை. ஹிட்டாச்சி திரும்ப லேசர்ஜெட் 5க்கே போனது, அங்கே அது முழு 16 எம்பி.

ஆக ஒரு 16தான் தேறியது. ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் சந்தைக்குப் போனேன், ஸ்டேடியம் பக்கத்தில் பழைய கடிகாரம், பழைய செருப்பு, பழைய சார்ஜர் என்று எல்லாம் தரையில் விரித்திருப்பார்களே, அங்கேதான். ஒரு அங்கிள் பிஸ்கட் டின் நிறைய ரேம் வைத்திருந்தார். எடை போட்டுத் தங்கத்துக்கு விற்கிற கும்பலுக்காக வைத்திருப்பார் போல. நான் பூதக்கண்ணாடியோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்ப்பதை அவர் விசித்திரமாகப் பார்த்தார். இருபது நிமிஷத்தில் தோஷிபா டிசி5117400 எட்டு வைத்த பலகை ஒன்று கையில் வந்தது. ஏழு. ஆறு இல்லை, ஏழு. பதினைந்து வெள்ளி கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். அதே டின்னில் 5116400 வைத்த இரண்டு இருந்தன, பார்வைக்கு அச்சு அசலாக இதே போல. போன வாரம் போயிருந்தால் அவற்றில் ஒன்றைத்தான் எடுத்து வந்திருப்பேன்.

அதையும் 486இல் போட்டு இரவு ஓட்டினேன், 16 எம்பி, பிழை இல்லை. மறுநாள் பிறை. பிளக்கைப் பிடுங்கி, உலோகத்தைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்னைப் போக்கி, சாய்வாகச் செருகி நிமிர்த்தினோம், இரண்டும் கிளிக் என்று உட்கார்ந்தன. பழைய ஸ்லாட்டின் பிளாஸ்டிக் கொக்கியை அவசரப்பட்டு நெம்பினால் உடைந்துவிடும், நான் ஏற்கெனவே ஒரு போர்டில் உடைத்தவன், அதனால் இம்முறை தம்பியையே செய்யச் சொன்னேன். திரையில் 32 எம்பி. கணக்குப்படி மோனோவில் 6 நிமிஷம் 20 வினாடி. அவன் எதுவும் பேசாமல் மைக்கை எடுத்து ஒரு உறுமிப் பதிவை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வெட்டாமல் ஏற்றினான்.

எதிர்த் திசையிலும் ஒரு அனுபவம் இதே வாரத்தில் கிடைத்தது, அதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். புக்கிட் மெர்தாஜாமில் டியூஷன் நடத்தும் ஐயா ஒருவர் இன்னும் லேசர்ஜெட் 4இல்தான் கேள்வித்தாள் அடிக்கிறார். கணக்குப் படம் வந்தால் மெம் ஓவர்ஃப்ளோ. எங்கிருந்தோ கம்ப்யூட்டர் சிம் 4 எம்பி வாங்கிப் போட்டிருக்கிறார், பிரிண்டர் சீந்தவில்லை. "கார்டு போச்சா, தம்பி?" என்று கேட்டார். கார்டு போகவில்லை. 72 பின் சிம்மின் 67 முதல் 70 வரையுள்ள நான்கு பின், கார்டின் அளவையும் வேகத்தையும் சொல்லும் அடையாளப் பின்கள். பலகை ஓரத்தில் பொடி ரெசிஸ்டர்கள் மூலம் சிலவற்றைத் தரையோடு இணைத்திருப்பார்கள், சிலவற்றை விட்டுவிடுவார்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர் போர்டுகள் இதைப் பார்ப்பதே இல்லை, எழுதிப் படித்து அளவைக் கண்டுபிடித்துக்கொள்ளும், அதனால் மலிவு கார்டுகளில் அந்த ரெசிஸ்டர்களையே போடாமல் விட்டார்கள். பிரிண்டருக்கோ அந்தப் பின்தான் ஆதாரம். போதாததற்கு எச்பி சில மாடல்களில் வழக்கமான அட்டவணையை விட்டுத் தன் வழியில் இணைத்திருக்கிறது.

அதனால் பிரிண்டர் கார்டு கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஓடும், கம்ப்யூட்டர் கார்டு பிரிண்டரில் ஓடாமல் போகலாம். ஐயாவுக்கு அட்டவணை எதையும் தேடவில்லை. முதல் 4 பிளஸிலிருந்து எடுத்த அசல் 4 எம்பியை மீட்டரில் வைத்து அந்த நான்கு பின்னில் எவை தரையோடு சேர்கின்றன என்று அளந்து குறித்துக்கொண்டேன். அவர் கார்டிலும் காலியாக இருந்த இடங்களில் அதே மாதிரி ஈயச் சொட்டு வைத்து இணைத்தேன். கை நடுங்காமல் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. பிரிண்டர் ஏற்றுக்கொண்டது. அதோடு என் அசல் 4 எம்பியையும் சேர்த்தே போட்டுவிட்டேன், அவர் தே தாரிக்கும் ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்தார், கணக்கு நேர்.

மிச்சம் என் டப்பாவில் மூன்று: ஒரு 8 எம்பி, ஒரு 4 எம்பி, அந்தப் போஸ்ட்ஸ்கிரிப்ட் பலகை. இப்போது ஒவ்வொன்றின் பிளாஸ்டிக் பையிலும் சிப் எண், வேகம், 2கேயா 4கேயா, எந்தப் பிரிண்டரிலிருந்து வந்தது என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் பையில் மட்டும் சிவப்பு மையில், "ரேம் இல்லைடா".